கடலடி வீட்டில் தங்கி ஆராய்ச்சி செய்ய

முதலில் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். படகிலிருந்து முங்கியே முடிக்கக்கூடிய வேலைக்குக் கடலடி வீடு வேண்டாம். அங்கே கிடைப்பது நேரம்தான், அது சாதாரண விஷயமில்லை. புளோரிடாவின் கீ லார்கோ பக்கம் பவளத்திட்டில் இருக்கும் அக்வேரியஸ் என்ற கடலடி வீட்டில் தங்குபவர்கள் ஒரே நாளில் 9 மணி நேரம் வரைகூட வெளியே வேலை செய்யலாம். 1970இல் கடல் ஆராய்ச்சியாளர் சில்வியா எர்ல் தலைமையில் டெக்டைட் என்ற கடலடி வீட்டில் தங்கிய பெண்கள் குழு, பாசி மேயும் மீன்களை அவற்றின் இடத்திலேயே கவனித்தது. விடியலிலும் அந்தியிலும் இரவிலும் என்ன நடக்கிறது என்று கேட்கும் கேள்விகள்தான் இதற்குப் பொருத்தம்.

இதற்கு ஒரு விலை உண்டு. அழுத்தக் காற்றைச் சுவாசிப்பதால் ஒரு நாளைக்குள் உடம்பின் திசுக்களில் நைட்ரஜன் நிரம்பிவிடும், அதன்பின் சட்டென்று மேலே வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முகமூடி கழன்றாலும் காற்று குறைந்தாலும் மேலே பாய நினைக்கும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். இனி உங்களுக்குக் கரை என்பது அந்த வீட்டின் தரையில் இருக்கும் திறப்புதான். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் வெளியே நீரின் அழுத்தமும் சமம் என்பதால் அது திறந்தே கிடந்தாலும் தண்ணீர் ஏறாது. வழிகாட்டிக் கயிற்றைத் தடவியே, முகமூடியின் கண்ணாடியை மறைத்துக்கொண்டு, வீடு திரும்பிப் பழகுங்கள். சிலிண்டரில் மிச்சக் காற்றைக் கணக்கிடும்போதும் வீடுவரை எவ்வளவு தேவை என்றே பாருங்கள்.

உள்ளே எப்போதும் ஈரப்பதம். ஒவ்வொரு முறை வந்ததும் காதைத் துடைத்து, மருத்துவர் தந்த சொட்டு மருந்தை விடுங்கள். காதில் தொற்று வந்துவிட்டால் அத்தோடு முங்குவது நின்றுவிடும், இதில் சோம்பல் வேண்டாம். அழுத்தக் காற்றில் தீ வேகமாகப் பரவும், அதனால் அடுப்பு கிடையாது: வெந்நீர், மைக்ரோவேவ், அவ்வளவுதான். சாப்பாடு சப்பென்றிருக்கும். வாயால் விசில் அடித்தால்கூட வராது! காற்றுப் புகாத டப்பாக்கள் நசுங்கும், மடிக்கணினி மாதிரியானவற்றை அழுத்தம் தாங்கும் பாத்திரத்தில் அனுப்புவார்கள்.

குறிப்புகளை நீர்புகாத் தாளில் பென்சிலால் எழுதுங்கள், அன்றிரவே கணினியில் ஏற்றிவிடுங்கள். களைப்பில் நாளைக்கு என்று தள்ளினால் எந்த மீன், எந்தத் திட்டு என்பதெல்லாம் கலங்கிவிடும்.

கடைசியாக, வீட்டை மூடி அழுத்தத்தை மெல்லக் குறைப்பார்கள். அக்வேரியஸில் சுமார் 17 மணி நேரம், தொடக்கத்தில் படுத்தபடியே ஆக்சிஜன் சுவாசிக்க வேண்டும். அப்புறம் அழுத்தத்தை வெளியே உள்ள நீருக்குச் சமமாகச் சிறிது நேரம் மறுபடி ஏற்றி, திறப்பு வழியாக நீந்தி மேலே வருவீர்கள். வந்த கையோடு விமானம் ஏறக் கூடாது, குறைந்தது ஒரு நாள் தள்ளியே டிக்கெட் போடுங்கள்.