ஒரு கேள்வி, நான்கு துறைகள்: சின்கோனாவை முன்வைத்து ஆராயும் முறை

கணிதம், மெய்யியல், வேதியியல், மருத்துவம் ஆகிய நான்கையும் ஒருசேரத் தொடும் ஆய்வில் இறங்குவோர் பெரும்பாலும் தலைப்பை அகலமாக வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். கைக்கெட்டும் தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை எழுப்பி, அது இழுத்துச் செல்லும் துறைகளுக்கு மட்டும் போவதே நல்லது. நீலகிரியில் இருப்பவர் அத்தகைய பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசு வளர்த்த சின்கோனா மரம் இருக்கிறது. அதன் பட்டை காய்ச்சலைப் போக்கும் என்பது எவ்வாறு தெரிய வந்தது என்று கேட்டாலே ஓராண்டு வேலை கிடைத்துவிடும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அது எவ்வழியில் நிறுவப்பட்டது என்பதை எழுதிவிட வேண்டும்: கணக்கினாலா, ஆய்வகத்திலா, நோயாளிகளைக் கவனித்ததாலா, தருக்கத்தினாலா. நூற்பெயரையும் பக்க எண்ணையும் விட இந்த ஒற்றைச் சொல்லையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், ஒரு துறையில் உறுதியாக நிற்கும் சான்று அடுத்த துறைக்குள் நுழைந்ததும் வலுவிழந்துவிடக்கூடும்.

இதற்கு ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்க்கின் நல்ல எடுத்துக்காட்டு. பட்டையிலிருந்து, காய்ச்சலைப் போக்கும் சேர்மமான குயினைனை 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்டியேவும் கவாந்துவும் பிரித்தெடுத்தனர். அதன் மூலக்கூறில் 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன என்பதும் 1850-களில் தெரிந்திருந்தது. 10 கார்பன், 13 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன் கொண்ட சேர்மத்தில் இரண்டு மூலக்கூறுகளை எடுத்து, 3 ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்து, ஒரு நீர் மூலக்கூறை நீக்கினால் குயினைன் கிடைக்க வேண்டும் என்று 1856-இல் 18 வயதுப் பெர்க்கின் முயன்றார். கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஓர் அணுகூடப் பிசகாது. ஆனால் கிடைத்தது குயினைன் அன்று. அதே வகை வினையை அனிலின் என்ற வேறொரு நைட்ரஜன் சேர்மத்தைக் கொண்டு செய்து பார்த்தபோதுதான் புகழ்பெற்ற ஊதாச் சாயம் பிறந்தது. அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும், அவை ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அந்தக் கணக்கு சொல்லவில்லை. குறிப்பேட்டில் இதன் எதிரே ‘கணக்கு’ என்று எழுதியவர், ‘ஆய்வகம்’ என்ற சான்றையும் தேடாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

பழைய ஆவணங்களைத் தேடும்போது இன்றைய பெயர்களை மட்டும் நம்பக்கூடாது. மலேரியா என்று தேடினால் அகப்படாத பக்கங்கள், முறைக்காய்ச்சல், காட்டுக்காய்ச்சல் என்று தேடினால் அகப்படும். தாவரப் பெயரும் மாறியிருக்கிறது: அன்று சின்கோனா சக்கிருப்ரா என்று எழுதப்பட்ட செம்பட்டை மரம் இன்று சின்கோனா பியூபெசென்ஸ் எனப்படுகிறது. பட்டையிலுள்ள குயினைன் அளவு இத்தனை விழுக்காடு என்று படித்தால், எந்த இனம், எந்தப் பட்டை என்று உடனே கேட்க வேண்டும். தோட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த மெக்ஐவர், மரத்தை வெட்டாமல் பட்டையை நீள்வாக்கில் கீற்றுகளாக உரித்தெடுத்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி வைத்தார். அவ்விடத்தில் மீண்டும் வளர்ந்த பட்டையில் குயினைன் கூடுதலாக இருந்தது. ஆகவே ஒரே மரத்துக்கே இரண்டு எண்கள் உண்டு. இத்தோட்டங்களில் சிறைக்கைதிகளும் உழைத்தார்கள். அறிக்கைகளில் மரங்களுக்குக் கிடைத்த கவனம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் படிப்பவர் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

மருத்துவச் சான்றைப் படிக்கையில், ஒப்பிடப்பட்டது எதனோடு என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். நீலகிரியில் செழித்த செம்பட்டையில் குயினைனை விட அதன் உடன்பிறப்புகளான பிற ஆல்கலாய்டுகள் (தாவரங்களில் உண்டாகும் நைட்ரஜன் சேர்மங்கள்) மிகுதி, அவை மலிவு. அவையும் பயன்படுமா என்று அறிய 1866-இல் சென்னை மாகாண அரசு ஒரு குழுவை அமைத்தது. குயினைன், குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் ஆகிய நான்கும் காய்ச்சலைக் குணப்படுத்துவதாக அக்குழு கண்டது. இங்கே ஒப்பீடு மருந்துக்கும் மருந்துக்கும் இடையில்தான். காய்ச்சல் தானாகவே தணிந்த நோயாளிகள் எத்தனை பேர் என்பதை அத்தகைய ஒப்பீட்டால் அறிய முடியாது.

கணிதம் இக்கதைக்குள் வரும் வழியும் நீலகிரியைத் தொட்டே செல்கிறது. மலேரியாவை ஆராய்ந்த மருத்துவர் ரொனால்டு ராஸ் 1897-இல் ஊட்டிக்கு வந்து, சீகூர் மலைச்சரிவில் காய்ச்சலை ஆராய்ந்து, தாமும் மலேரியாவுக்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். பின்னர் அவர் அமைத்த கணித மாதிரி, கொசுக்களை முற்றாக ஒழிக்கத் தேவையில்லை, அவற்றின் அடர்த்தியை ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் மறையும் என்றது. ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவாகவே தொற்றுமானால், தொடர் அறுந்துபோகும் அல்லவா? இத்தகைய மாதிரிகளைப் படிக்கும்போது சமன்பாட்டைத் தாண்டிச் செல்லாமல், ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய அனுமானத்தைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதிப் பார்க்க வேண்டும். கடிக்கும் வீதம் தன்னாலேயே பெருக்கப்பட்டு வர்க்கமாக வருவதேன் என்பது அப்போது விளங்கும்: நோயை வாங்க ஒருமுறை, கொடுக்க ஒருமுறை எனக் கொசு இருமுறை கடித்தாக வேண்டும்.

மெய்யியலைக் கடைசியில் ஒட்டவைக்கும் அலங்காரமாகக் கருதுவோர் பலர். ஆனால் காரணத்துக்கும் விளைவுக்கும் உள்ள உறவை எப்போது ஏற்கலாம் என்பதே நம் கேள்வியின் அடித்தளம். ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் 1790-இல் நலமாக இருந்தபோதே சின்கோனாப் பட்டையை உண்டு, தமக்குக் காய்ச்சல் போன்ற குறிகள் தோன்றியதாகக் கூறி, அதிலிருந்து ஹோமியோபதி என்ற மருத்துவ முறைக்கே வித்திட்டார். ஓர் உடலில் கண்டதைக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம் என்று எண்ணிப் பார்க்க இதைவிடக் கூர்மையான பாடம் கிடைக்காது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா என்று மதிப்பிட, புள்ளியியலாளர் பிராட்போர்டு ஹில் 1965-இல் முன்வைத்த ஒன்பது அளவுகோல்களை இதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

வரைவு முடிந்ததும் அதை முழுமையாக ஒருவரிடம் கொடுப்பதைவிட, துறைக்கொருவரிடம் அவரவர் துறை சார்ந்த பத்திகளை மட்டும் கொடுத்து, ‘இதில் நீங்கள் ஏற்காத வாக்கியம் எது?’ என்று கேட்பதே பயன் தரும். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஊட்டியிலுள்ள கல்லூரிகளிலேயே வேதியியலும் கணிதமும் கற்பிப்போர் கிடைப்பார்கள். மூல ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். நடுவட்டத்தைப் பார்க்கச் செல்வதானால், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு கூடலூர்ப் பேருந்தில் செல்லலாம்.