பெங்களூருவில் நல்ல சாப்பாடும் நாலு மனிதர்களும்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை கிடைத்துப் பெங்களூருவுக்கு வருகிற தமிழர்கள் முதல் ஆறு மாதத்தில் சொல்கிற குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். வாய்க்கு ருசியாகச் சாப்பிட ஓட்டல் இல்லை என்பது ஒன்று. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனிக் குறைகளாகவே சொல்வார்கள். எனக்கு அவை ஒரே வேரில் முளைத்தவையாகத்தான் தெரிகின்றன. இந்த ஊரின் பழைய பேட்டைகளில் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது காலை ஏழு மணிக்கு, சிற்றுண்டிக் கடை வாசலில், கையில் காபி டம்ளரோடு. அந்த நேரத்தைத் தூங்கிக் கழித்துவிட்டுப் பத்து மணிக்குச் செயலி வழியாக இட்லி வரவழைப்பவருக்கு நல்ல இட்லியும் கிடைக்காது, நாலு முகமும் பழகாது.

ஊர் ருசியை மட்டுமே தேடுவது

மடிவாளா, பிடிஎம் லேஅவுட், எலக்ட்ரானிக் சிட்டி என்று தமிழ் இளைஞர்கள் நிறைந்த பகுதிகளில் செட்டிநாட்டு மெஸ்ஸுக்கும் மதுரை பரோட்டாவுக்கும் பஞ்சமில்லை. வீட்டு நினைப்பு வாட்டும் நாளில் அங்கே போவதில் தவறே கிடையாது. ஆனால் வாரம் முழுவதும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, இந்த ஊர்ச் சமையலையும் அந்தத் தராசிலேயே நிறுப்பது அநியாயம். "இங்கே சாம்பார் இனிக்கிறது" என்ற புகாரைக் கேட்காத நாளில்லை. ஆமாம், இனிக்கும். வெல்லம் போடுகிறார்கள், பல கடைகளில் மசாலாவில் பட்டையும் உண்டு. இங்கே பல பழைய கடைகளில் இட்லிக்கும் வடைக்கும் முதல் துணை சட்னிதான். சங்கரபுரத்தில் 1965 முதல் நடக்கும் பிராமின்ஸ் காபி பாரில் சாம்பாரே கிடையாது. இட்லி, வடை, காராபாத் என்கிற ரவை உப்புமா, கேசரிபாத், குடிக்கக் காபி அல்லது டீ. கிட்டத்தட்ட இவ்வளவுதான் பட்டியல். உட்கார நாற்காலி இல்லை. நடைபாதை ஓரத்தில் நின்றபடி தட்டை நீட்டி நீட்டிச் சட்னி வாங்கிக்கொள்கிறார்கள். சாம்பார் எங்கே என்று அங்கே தேடுகிறவர் அந்தச் சட்னியின் பச்சை வாசனையைத் தவறவிடுவார்.

தோசையும் அப்படித்தான். நம் ஓட்டல்களின் காகிதம் போன்ற நெய் ரோஸ்ட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். காந்தி பஜாரில் 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவனின் மசால் தோசை, வெளியே செம்பழுப்பாக மொறுமொறுத்தும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். சர்வர் ஒரே கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே வருவதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். 1924இல் தொடங்கி, பின்னர் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று பெயர் பெற்ற எம்.டி.ஆரின் ரவா இட்லிக்கு ஒரு வரலாறே உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காமல் ரவையை வைத்துச் செய்து பார்த்ததில் அது பிறந்தது என்று அந்த நிறுவனத்தார் சொல்கிறார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த பண்டத்தை அரிசி இட்லியோடு ஒப்பிட்டு மார்க் போட்டு என்ன பயன்?

அசைவக்காரர்கள் இழப்பது இன்னும் அதிகம். 'மிலிட்டரி ஓட்டல்' என்ற பலகையைப் பார்த்து ராணுவத்தினருக்கு மட்டும் என்று நினைத்து விலகிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது இங்கே அசைவச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வழங்கும் பெயர், யார் வேண்டுமானாலும் போகலாம். ராகி முத்தே, ஆட்டுக்கால் சூப், கைமா உருண்டை, தொன்னை பிரியாணி எல்லாம் அங்கேதான் அதன் அசல் ருசியில் கிடைக்கும். முத்தே என்பது நம் கேழ்வரகுக் களிதான். கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு அதை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் மெல்லாமல், குழம்பில் தோய்த்து விழுங்கப் பழகிக்கொள்ளுங்கள். தொன்னை பிரியாணி சீரகச் சம்பா அரிசியில், கொத்தமல்லியும் புதினாவும் அரைத்த பச்சை மசாலாவில் வேகிறது. திண்டுக்கல் பிரியாணியில் வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமாகவே இருக்காது.

நட்சத்திரத்தை நம்புவது

செயலியில் ஒரு கடைக்கு நாலரை நட்சத்திரம் என்றால் அதில் வாகனம் நிறுத்தும் வசதிக்கு எவ்வளவு, குளிர்சாதனத்துக்கு எவ்வளவு, சட்னிக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பெட்டிக்குள் அடைபட்டு, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்து வந்த தோசைக்கு ஒருவர் ஒரு நட்சத்திரம் போடுகிறார். அதற்குத் தோசை மாஸ்டர் என்ன செய்வார்? தோசை கல்லிலிருந்து இறங்கிய சில நிமிடங்களுக்குள் சாப்பிட வேண்டியது. அதைப் பார்சலில் வாங்கிவிட்டுக் கடையைக் குறை சொல்வது பெரிய தவறு. பிசிபேளேபாத், புளியோகரை, சித்ரான்னம் போன்ற கலந்த சாத வகைகள் பார்சலைத் தாங்கும். வரவழைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அவற்றைச் சொல்லுங்கள்.

நட்சத்திரத்துக்குப் பதிலாக எதைப் பார்ப்பது? முதலில் பட்டியலின் நீளத்தை. தோசை, நூடுல்ஸ், பனீர், ஐஸ்கிரீம் என்று இருநூறு பண்டங்களை எழுதி வைத்திருக்கும் கடையில் எதுவும் அன்றன்றைக்குச் செய்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. எட்டுப் பத்துப் பண்டங்களோடு நிற்கும் கடையில், பதினொரு மணிக்கு "வடை முடிந்துவிட்டது" என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். மிச்சம் வைத்து மாலையில் திரும்பப் பொரிக்கிற பழக்கம் அங்கே இல்லை என்று பொருள்.

தவறான நேரத்தில் போவது

பெங்களூருவின் சாப்பாட்டு வாழ்க்கையைத் தாங்கிப் பிடிப்பவை தர்ஷினிகள். நின்றபடி சாப்பிடும் இந்தச் சுயசேவைக் கடைகள் 1983இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினியோடு தொடங்கி, இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒரு தர்ஷினியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் போக வேண்டும். கல்லாவில் பணம் கட்டி டோக்கன் வாங்குங்கள். அதை நேரே தோசைக் கல் பக்கம் கொண்டு போய் வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். மாஸ்டர் கல்லில் தண்ணீரைத் தெளித்துத் துடைப்பத்தால் ஒரே வீச்சில் கூட்டித் தள்ளுவார். புஸ்ஸென்று ஆவி எழும். அது அடங்குவதற்குள் மூன்று வரிசையாக ஒரு டஜன் மாவு வட்டங்கள் விழுந்துவிடும். பிறகு மூக்கு வைத்த பாத்திரத்திலிருந்து நெய், அல்லது கைநிறைய வெண்ணெய். சிவப்புச் சட்னியைத் தடவி, உருளைக்கிழங்குப் பல்யாவை வைத்து, ஓரத்தை நெம்பி மடித்து வரிசையாக எடுப்பார். உங்கள் தட்டு வரும்போது தோசையின் அடிப்பக்கம் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அதே கடைக்கு ஒன்பதரைக்குப் போங்கள். அலுவலகம் போகும் அவசரக் கூட்டத்தில் கல் சூடு குறைந்து, மாவு பாதி வெந்து, தோசை வெளுத்திருக்கும். கடையும் அதுதான், மாஸ்டரும் அவர்தான்.

அந்த விடிகாலைக் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். பூங்காவில் நடந்துவிட்டு வந்த பெரியவர்கள், தெருக் கூட்டி முடித்த துப்புரவுப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். உயரமான மேசையில் முழங்கை உரச நிற்கும்போது பேச்சு தானாக வரும். 'பை டூ காபி' என்று ஒரு காபியை இரண்டு டம்ளரில் பகிர்ந்துகொள்வது இந்த ஊரின் அழகான வழக்கம். யாராவது பெரியவர் உங்களைப் பார்த்து "பை டூ?" என்று கேட்டால் மறுக்காதீர்கள். காராபாத்தும் கேசரிபாத்தும் பாதிப் பாதியாக வரும் சௌசௌபாத்தையும் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.

புகழ்பெற்ற கடைகளுக்கு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போய், ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, "இவ்வளவுதானா" என்று திரும்புவது இன்னொரு வகை. வார நாளில் கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள். வார விடுமுறையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய கடைகள் பலவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள் கதவடைப்பு உண்டு, மதியத்திலும் மூடிவிடுவார்கள். எப்படியானாலும் புகழ்பெற்ற கடை விருந்தாளிகளை அழைத்துப் போகத்தான். தினமும் போக உங்கள் தெருமுனையில் ஒரு கடை வேண்டும். ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் ஒரு மாதம் போனால் கல்லாவில் இருப்பவர் உங்களைக் கேட்காமலேயே டோக்கன் போட்டுவிடுவார்.

தமிழிலேயே காலம் தள்ளுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், இதைச் சொல்லத்தான் எனக்கு அக்கறை அதிகம். பெங்களூருவில் கன்னடம் ஒரு சொல்கூடத் தெரியாமல் பத்து வருடம் ஓட்டிவிடலாம். காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், மேஸ்திரி எல்லோருக்கும் தமிழ் புரியும். அந்த வசதியே ஆளைக் கெடுக்கிறது. அவர்கள் உங்கள் மொழிக்கு இறங்கி வருகிறார்கள், நீங்கள் ஒரு படிகூட ஏறவில்லை என்பதை அவர்கள் கவனிக்காமல் இல்லை. காவிரிப் பிரச்சினை கொதிக்கும் நாட்களில், 1991இலும் 2016இலும் இந்த ஊர் கலவரத்தைப் பார்த்திருக்கிறது. அத்தகைய நாளில் துணைக்கு வருபவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரோடு பேச அவருடைய மொழி நாலு வார்த்தையாவது தெரிந்திருக்க வேண்டாமா?

தமிழருக்குக் கன்னடம் கடினமே இல்லை. கடையில் தொடங்குங்கள். ஆனால் நண்பர்களிடம் கேட்டுப் பழகிய ஒருமையில் 'கொடு' என்று கேட்காமல், 'கொடி' என்று மரியாதையாகக் கேளுங்கள். புதிதாக வந்தவர்கள் தெரியாமலேயே மனிதர்களைப் புண்படுத்துவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, இங்கே தமிழர் வாழ்வு மென்பொருள் நிறுவனங்களோடு தொடங்கியதாக நினைத்துக்கொள்வது. 1809இல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்தபோதே படைவீரர்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் தொழிலாளர்களாகவும் தமிழர்கள் வந்துவிட்டார்கள். அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களுக்கு இரண்டு மொழியும் தாய்மொழி போல. அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் அலுவலகத் தமிழர்களோடு மட்டும் பழகுவது பெரிய இழப்பு. அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதைப் பொங்கல் விழாவுக்கு மட்டும் நினைக்காமல், நூலகத்துக்காக ஒரு மாலை போய்ப் பாருங்கள். அருகிலேயே திருவள்ளுவர் சிலை. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்பட்டது. அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையையும் திறந்தார்கள். சென்னையிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சிலையைப் பார்த்திருப்பார்கள்?

வெள்ளிக்கிழமை இரவு பஸ்

ஒவ்வொரு வெள்ளி இரவும் மடிவாளாவில் பெட்டியோடு நிற்பவர்களுக்கு ஊர் எப்படிப் பழகும்? பெற்றோரைப் பார்க்கப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சில வாரங்களை இங்கே ஒதுக்கி வையுங்கள். கன்னடப் பஞ்சாங்கத்தின் கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்களை ஒட்டி பசவனகுடியில் கடலேகாய் பரிஷே என்கிற வேர்க்கடலைத் திருவிழா. சாலை நெடுகக் குவியல் குவியலாக வேர்க்கடலை, தமிழகத்திலிருந்தும் கொண்டு வருவார்கள். ஜனவரி வாக்கில் அவரைக்காய் பருவம். பிதுக்குப் பருப்புக் குழம்பு தெரிந்தவர்கள் விசுவேசுவரபுரத்தின் தின்பண்டத் தெருவில் அதன் நூறு உறவுகளைச் சந்திக்கலாம். கன்னடப் பஞ்சாங்கத்தின் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் கரக ஊர்வலம் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும். திரௌபதி அம்மன் தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சொந்தத் திருவிழா போலவே இருக்கும். அந்த ஊர்வலம் காட்டன்பேட்டை தர்காவுக்குள்ளும் போய் வருகிறது. ராமநவமியை ஒட்டிச் சாமராஜபேட்டைக் கோட்டைப் பள்ளி மைதானத்தில் ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்தி வரும் இசைவிழா. ரம்ஜான் மாதத்தில் பிரேசர் டவுன் மசூதிச் சாலை. செப்டம்பர் 8இல் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத் தேர்.

விழா வேண்டாம், வேலை வேண்டும் என்பவர்களுக்கு ஏரிகள் இருக்கின்றன. புட்டேனஹள்ளி, கைகொண்டரஹள்ளி ஏரிகள் மீண்டதில் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் பகுதி ஏரியில் இப்படி ஒரு குழு இருந்தால் சேர்ந்துவிடுங்கள். சேற்றில் சேர்ந்து நின்றவர்களுக்கு அறிமுகம் தேவைப்படாது.

வீட்டை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது

பெங்களூருவில் வாடகை அட்வான்ஸ் பல மாத வாடகைக்குச் சமம், கொடுத்தபின் மாறுவது எளிதல்ல. தரகரோடு மதியம் மூன்று மணிக்குப் போய் அலமாரியையும் குழாயையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தனியாக அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பத்து நிமிட நடையில் ஒரு தர்ஷினி, நந்தினி பால் பூத், ஒரு பூங்கா, ஒரு பூக்காரம்மா இருக்கிறார்களா? தர்ஷினிக்குள் போய் ஒரு காபி வாங்கி, பக்கத்தில் நிற்பவரிடம் தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததையெல்லாம் அவர் சொல்வார்.