அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?

போன மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு இளம் ஊடகவியலாளர்கள் நான்கு பேரோடு போயிருந்தேன். போரில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவிடம் பேசி முடித்ததும், கூட வந்த தங்கச்சி ஒருத்தி மேசையில் கிடந்த, மகனின் படமும் தாள்களும் இருந்த பொலித்தீன் பையை எடுத்துத் தன் தோள்பைக்குள் வைத்தாள். "ஸ்கான் பண்ணிட்டு நாளைக்குக் கொண்டுவந்து தாறன் அம்மா." எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வசனத்தை நானும் ஒருகாலம் சொல்லியிருக்கிறேன்.

பெயரைப் பிழையாக எழுதுவது, ஒலிப்பதிவு ஓடுகிறதா என்று பார்க்க மறப்பது எல்லாம் எந்தப் பயிற்சிப்பட்டறையிலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் பேசி எழுதும்போது நாம் செய்யும் வேறு பிழைகள் இவை.

மூலப் பிரதியைக் கையோடு கொண்டுவருவது

2009இல் போர் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஆவணப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தேன். போரின் கடைசி நாட்களில் முல்லைத்தீவு வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்த ஓர் அம்மா, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைக் குழு கொடுத்த துண்டு, மகனின் பள்ளிக்கூடப் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தந்தார். இடம்பெயர்வில் மிஞ்சியது அந்த ஒரே படம்தான். அலுவலகத்தில் ஸ்கான் செய்யக் கொடுத்தேன். வரிசையில் கிடந்தது. பிறகு திட்டக் காலம் முடிந்தது, நிதி நின்றது, பெட்டிகளை வேறு வீட்டுக்கு ஏற்றினார்கள். எந்தப் பெட்டி என்று சொல்ல யாரும் இல்லை. ஒரு கிழமை தேடினேன். கிடைக்கவில்லை.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளின் தொடர் போராட்டம் தொடங்கியது. சில நாள் கழித்துப் போனபோது, சுற்றியிருந்தவர்கள் மடியில் பிள்ளைகளின் படங்கள். படத்தை என்னிடம் தந்த அந்த அம்மாவின் கையில் ஒரு மட்டைத் துண்டு, அதில் பெயர் மட்டும். என்னைக் கண்டதும் "தேத்தண்ணி குடிச்சியா தம்பி" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

போருக்குப் பிறகு அரசு ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தவை: 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் முறைப்பாடுகளை விசாரித்த பரணகம ஆணைக்குழு, 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்ட கலந்தாலோசனைச் செயலணி, அப்புறம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். அந்த அம்மாக்கள் எங்கே போனாலும் அந்தப் பையும் கூடப் போக வேண்டும். போருக்குப் பிறகு உண்மையும் பொறுப்புக்கூறலும் தேடும் நிலைமாறுகால நீதி என்று நாம் மேடையில் பேசுவதெல்லாம் கடைசியில் அந்தப் பைக்குள் இருக்கும் தாள்களில்தான் நிற்கிறது.

படம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு: 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது என்றது இராணுவத் தரப்பு. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

ஆகவே பை வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. விறாந்தையில், பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள். எடுத்த கோப்பை வெட்டாமல், நிறம் திருத்தாமல் மூன்று இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிவிட்டு மூலக் கோப்பை அழிப்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் கோபம் வரும். அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம் இடம் போன்ற விவரங்களையும் உதிர்த்துவிடுகிறது. பை தொலைந்தது அன்று, விவரம் தொலைகிறது இன்று, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிதி தருபவர்களுக்கும் ஒன்று. பதாகைக்கும் மண்டப வாடகைக்கும் காசு இருக்கிறது, அலுமாரிக்கு இல்லை. திட்டம் முடிந்து பத்து வருடம் அந்தக் கோப்புகளை யார் வைத்திருப்பார் என்ற கேள்வியை முதல் நாளே கேளுங்கள்.

"காணாமல் போனோர்" என்று எழுதுவது

அரசு அமைத்த அலுவலகத்தின் பெயரில் உள்ள சொல் அது. அவர்கள் தாமாகப் போகவில்லை. நீங்கள் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று எழுதுங்கள்.

புதைகுழிக்கு முந்திக்கொண்டு வயது சொல்வது

மன்னாரில் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளவின் மனிதப் புதைகுழியில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தபோது எத்தனையோ பேர் போர்க்காலத்தவை என்று எழுதிவிட்டார்கள். 2019 மார்ச்சில் புளோரிடா ஆய்வுகூடத்தின் கார்பன் காலக்கணிப்பு அறிக்கை அவை பல நூற்றாண்டுகள் பழையவை என்றது. சோதித்தது ஆறு மாதிரிகளை மட்டும். ஆனாலும் முதலில் முந்திக்கொண்டவர்களால் அதைக் கேள்வி கேட்கவும் வாய் திறக்க முடியவில்லை. எத்தனை, எந்த ஆழத்தில், அருகில் என்ன கிடந்தது, நீதவான் என்ன உத்தரவிட்டார்: இவ்வளவை எழுதினால் போதும்.

தகவல் கேட்காமல் புலம்புவது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். விண்ணப்பித்தால் அரச அலுவலகம் 14 வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் போடுங்கள்.

வாக்குறுதி

கொடுக்காதீர்கள்.

ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது

அன்றைக்கு அந்தத் தங்கச்சி பையைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு விறாந்தையில் உட்கார்ந்தாள். மொத்தம் 31 தாள்கள். வெளிச்சம் போவதற்குள் 19தான் முடிந்தது. மீதிக்கு அடுத்த நாள் பஸ் பிடித்து மறுபடியும் போனாள்.