பட்ஜெட் போனில் பாட்டுக் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

அப்பாவின் எம்பி3 பிளேயர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சட்டைப் பையில் கிடக்கும். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடியே, துணிக்கு மேலாகக் கட்டைவிரலால் அழுத்தி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். அது பழுதானதும் ஒரு பட்ஜெட் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, "இதுலயே எல்லாம் இருக்குப்பா" என்றேன். ஒரே மாதத்தில் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். போனில் ஒரு குறையும் இல்லை. அதை அவருக்கு ஏற்றபடி நான் அமைத்துக் கொடுக்கவில்லை.

தனி பிளேயர்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2001-ல் வந்த ஐபாட் வரிசையை ஆப்பிள் 2022-ல் நிறுத்தியது. சோனி வாக்மேன் இன்னும் வருகிறது, ஆனால் அந்த விலைக்கு இரண்டு பட்ஜெட் போன் வாங்கலாம். அதனால் பெரும்பாலோருக்குப் போன்தான் வழி. வாங்கும்போதே சிலதைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் 3.5 மி.மீ. இயர்போன் ஜாக், அப்புறம் மெமரி கார்டு இடம். ஜாக் இல்லையென்றால் சார்ஜ் போடும் துளையில் செருகும் டைப்-சி மாற்றி வாங்க வேண்டிவரும். மலிவான மாற்றிகள் பல, எல்லாப் போனிலும் வேலை செய்யாது. டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் டாக் (DAC) சிப் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கார்டு இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு: சில போன்களில் இரண்டாவது சிம், கார்டு இரண்டுக்கும் ஒரே இடம்தான். இரண்டு சிம் வைத்திருப்பவர் வீட்டுக்கு வந்துதான் அதைக் கவனிப்பார். எஃப்எம் ரேடியோ வேண்டுமென்றாலும் பெரும்பாலான போன்களுக்கு வயர் இயர்போன்தான் ஆன்டெனா.

அடுத்த தவறு, ஆப்பில் டவுன்லோடு செய்த பாட்டு நம்முடையது என்று நம்புவது. ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்தாலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். சந்தா நின்றால் டவுன்லோடும் போய்விடும். வருடக்கணக்கில் கேட்க நினைக்கும் பாட்டுகளை எம்பி3 கோப்புகளாகவே வைத்திருங்கள். 320 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) தரத்தில் நான்கு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டில் ஏறத்தாழ 3000 பாட்டு அடங்கும். 128 கேபிபிஎஸ்ஸில் இருப்பதை 320-ஆக மாற்றினால் கோப்பு பெரிதாகுமே தவிர, ஒலி மேம்படாது.

என்னை மிகவும் வருத்தியது மெமரி கார்டு. நடைபாதைக் கடையில் 128 ஜிபி என்று ஒன்று வாங்கினேன். பாட்டு ஏற்றும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. போட்டுப் பார்த்தால் முதல் சில நூறு பாட்டுகள் மட்டும் பாடின. மீதிக்குப் பெயர் இருந்தது, சத்தம் இல்லை. போலிக் கார்டுகள் இப்படித்தான் ஏமாற்றும். உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருந்தாலும் 128 என்று போனிடம் பொய் சொல்லும். இடம் தீர்ந்த பிறகு வருவதெல்லாம் காணாமல் போகும். அப்பா பல வருடம் சேர்த்த பாட்டுகளை வேறு பிரதி எடுக்காமல் அதில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதுக் கார்டு வாங்கியதும் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) போன்ற இலவச மென்பொருளால் முழுதும் நிரப்பிச் சோதித்துவிடுங்கள். கணினியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

கார்டைப் போட்டதும் சில போன்கள் அதை உள் சேமிப்பாக்கவா என்று கேட்கும். வேண்டாம். அப்படிச் செய்தால் கார்டு அழிக்கப்பட்டு அந்தப் போனோடு பூட்டப்படும். போன் போனால் பாட்டும் போச்சு.

திரை அணைந்த சில நிமிடங்களில் பாட்டு நின்றால் போன் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் ஆப்பை போனே நிறுத்துகிறது. செட்டிங்ஸில் பாட்டு ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

மெசேஜ் சத்தம் பாட்டைக் குலைக்கிறது என்றால் பழைய போன் ஒன்றை சிம் இல்லாமல் ஏரோபிளேன் மோடில் இதற்கென்றே ஒதுக்கலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஆனால் பின்மூடி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. பேட்டரி வீங்கியிருக்கிறது, தீப்பிடிக்கலாம். தொடுதிரையே ஒத்துவராதவருக்கு, கார்டு போடும் பட்டன் போன் தாராளமாகப் போதும்.

அப்பாவின் போனில் இப்போது பாட்டுக் கோப்புகளைப் பாடவைக்கும் விஎல்சி ஆப் இருக்கிறது. "காலை", "பஸ்", "ராத்திரி" என்று மூன்று ஃபோல்டர். வயர் இயர்போனின் நடுவில் உள்ள பட்டனை ஒருமுறை அழுத்தினால் பாட்டு நிற்கும், இரண்டு முறை அழுத்தினால் அடுத்த பாட்டு. போன் பைக்குள்ளேயே இருக்கிறது. அவர் விரல் வயரில் இருக்கிறது.