இலையை இரவே நனைத்து வையுங்கள்: சுயவிருப்பம் உண்டா என்று ஒரு வாரத்தில் சோதித்துப் பார்ப்பது எப்படி

எங்கள் வீடு குடியாத்தத்தில். அம்மா 40 வருடம் பீடி சுற்றினாள். நானும் பன்னிரண்டாவது முடிக்கும்வரை பள்ளி விட்டு வந்ததும் முறத்தை மடியில் வைத்து உட்காருவேன். இலையில் தூள் வைத்து, சுற்றி, முனை மடக்கி, நூல் கட்டும்வரை கை என்னை எதுவும் கேட்காது. வாய் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருக்கும். 25 சேர்ந்து ஒரு கட்டு ஆன பிறகுதான் ‘இதை நானா செய்தேன்?’ என்று தோன்றும். மனிதருக்கு உண்மையிலேயே சுயவிருப்பம், அதாவது செய்வதைத் தானே தேர்ந்தெடுக்கும் சக்தி, உண்டா என்ற கேள்வி எனக்கு அந்த முறத்தடியில்தான் வந்தது.

இப்போது வயது 44. வேலூரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்தக் கேள்வியைப் பேசிப் பேசித் தீர்க்க முடியாது, ஆனால் நம்மை வைத்தே ஒரு வாரம் பார்க்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், வேலை எல்லாம் வேண்டாம். அவற்றில் பணம், சாதி, சொந்தக்காரர்கள் என்று பலபேர் கை இருக்கும். தினமும் நடப்பதாகவும், நடந்த பிறகு மனதை உறுத்துவதாகவும் இருக்க வேண்டும். நான் எடுத்தது இது: இரவு எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ‘இன்னாம்மா இவ்ளோ நேரம்?’ என்பாள். நான் எரிந்து விழுவேன்.

மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள். என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், வெயில் எப்படி. என் மூன்று நாளில் இரண்டு நாள் கத்தியிருந்தேன். அந்த இரண்டு நாளும் கடையில் கூட்டம், மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, அக்னி நட்சத்திர வெயில் வேறு. அம்மா கேட்டதோ மூன்று நாளும் அதே கேள்வி. நோட்டைப் பார்த்தபோது பயமாகவே இருந்தது. என் கோபம் என்று நான் நினைத்திருந்தது வெறும் பசியா?

இங்கேதான் பலர் ‘எல்லாம் மூளை செய்கிறது, நம் கையில் ஒன்றுமில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். அதற்கு 1983-இல் வெளிவந்த, பெஞ்சமின் லிபெட் என்ற மூளை ஆய்வாளரின் சோதனையைக் காட்டுவார்கள். சான் பிரான்சிஸ்கோவில் சிலரை உட்காரவைத்து, தோன்றும்போது மணிக்கட்டை மடக்கச் சொன்னார். 2.56 நொடியில் ஒரு சுற்று ஓடும் புள்ளியைப் பார்த்து, மடக்கும் எண்ணம் எப்போது வந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும். எண்ணம் வந்தது அசைவுக்கு சுமார் 0.2 நொடி முன்பு. மூளையில் மின்சலனம் தொடங்கியதோ அரை நொடிக்கும் முன்பு. ஆனால் லிபெட்டே சுயவிருப்பம் இல்லை என்று சொல்லவில்லை. எண்ணம் வந்த பிறகும் ‘வேண்டாம்’ என்று நிறுத்த நேரம் இருக்கிறது என்றார். அந்த மின்சலனம் முடிவே அல்ல, மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் அலை ஓர் அளவைத் தொட்டதாக இருக்கலாம் என்று 2012-இல் ஆரோன் ஷுர்கர் என்ற இன்னொரு மூளை ஆய்வாளரின் குழு எழுதியது. எனக்கு இன்னொன்றும் தோன்றும்: மணிக்கட்டை எப்போது மடக்கினாலும் யாருக்கும் வலிக்காது. அம்மாவிடம் கத்துவது அப்படியா?

நான்காம் நாள் நிறுத்திப் பாருங்கள். டீ கிளாஸை வாய்க்குப் பாதி தூரம் கொண்டுபோய்க் கீழே வையுங்கள். கை நின்றுவிடும். கோபத்தில் எனக்கு அது நடக்கவில்லை. நினைவு வருவதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

அன்று இரவு இலை ஞாபகம் வந்தது. காய்ந்த பீடி இலை சுற்றும்போது கிழிந்துவிடும். அந்த நேரத்தில் எவ்வளவு பக்குவமாகச் சுற்றினாலும் கிழியும். முந்தின இரவே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். சுயவிருப்பத்தை நான் கத்துகிற நொடியிலேயே தேடிக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் முன்னால், யாரும் எதுவும் கேட்காத நேரத்தில் இருக்கிறது.

அதனால் ஐந்தாம் நாளிலிருந்து முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள்: ‘இது நடந்தால், இதைச் செய்வேன்.’ பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட திட்டங்களைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். ‘இனி நல்லபடியாக இருப்பேன்’ என்ற பொதுவான தீர்மானத்தைவிட இது பலிக்கிறது. என் வாக்கியம்: ‘அம்மா கேட்டால், கை கால் கழுவிவிட்டுத்தான் பதில்.’ காட்பாடியில் ஒரு வாழைப்பழம் வாங்கி, பஸ் கே.வி.குப்பம் தாண்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவேன். மூன்று நாளில் இரண்டு நாள் கத்தவில்லை. ஒரு நாள் கத்தினேன். அதையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ‘எல்லாம் தலையெழுத்து’ என்றாள். நம் பக்கத்துத் திருவண்ணாமலையில் 1898-இல் ரமணர், வீட்டுக்கு வரச்சொல்லி அழுத தாயாருக்கு, நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, நடப்பது தடுத்தாலும் நிற்காது, மௌனமாக இருப்பதே நல்லது என்று எழுதிக் காட்டினார். அதை நான் மரியாதையோடுதான் படிக்கிறேன். ஆனால் மௌனமாக இரு என்று சொல்லும்போதே, அப்படி இருக்கவும் இருக்காமல் விடவும் நமக்கு ஒரு வழி விடுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

‘பீடி சுத்தறது நீயா எடுத்த முடிவாம்மா?’ என்று கேட்டேன். ‘அது எங்கப்பன் முடிவு. உன்னைப் படிக்க அனுப்பினது என் முடிவு’ என்றாள். ஆயிரம் பீடிக் கணக்கு முடிக்காமல் எழுந்திருக்க முடியாதவளுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். ஆகவே இந்த நோட்டை வைத்து அடுத்தவரை அளக்காதீர்கள். குடிக்கிறவரிடம் ‘மனசு வைத்தால் விட்டுவிடலாம்’ என்று சொல்லக் கிளம்ப வேண்டாம். அவர் இலை எத்தனை வருடமாகக் காய்ந்து கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது.

தொடங்குவதற்குப் பண்டிகை வாரமோ சம்பள வாரமோ வேண்டாம், சாதாரண வாரமாக இருக்கட்டும். நோட்டைச் செருப்பு விடும் இடத்தில் வையுங்கள். என்னுடையது இப்போதும் அங்கேதான், மீட்டர் பெட்டிக்கு மேலே, பேனாவை நூலால் கட்டி.