உப்புக்காற்றில் ஒரு ஃபியட்: அக்கறையால் செய்யும் தவறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் என் 1957ஆம் ஆண்டு ஃபியட் 1100ஐத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டில் கை வைத்தபோது கட்டைவிரல் உள்ளே இறங்கிவிட்டது. பெயின்ட் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. அதற்குப் பின்னால் இரும்பு இல்லை. பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியும் துருப்பொடியும்தான் இருந்தன. முந்தைய ஆண்டுதான் ஒரு பட்டறையில் பெருந்தொகை கொடுத்து முழு காருக்கும் பெயின்ட் அடித்திருந்தேன். அழுத்திப் பார்க்காமல் பளபளப்பை மட்டும் பார்த்து மகிழ்ந்து காரை எடுத்து வந்தது நான்தான்.

ராமநாதபுரம் கடலோரத்தில் உச்சிப்புளியிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் இப்படிப்பட்ட பழைய கார்களை வீட்டில் ஒருவராக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் காரை அலட்சியப்படுத்துவதில்லை. தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள், அடிக்கடி கழுவுகிறார்கள், அடியில் எண்ணெய் பூசுகிறார்கள். இந்தக் கடற்கரையில் காரை அரிப்பது பெரும்பாலும் அந்த அக்கறைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு ஒரு நம்பிக்கை. ராமநாதபுரம் வறண்ட மாவட்டம், ஐப்பசி கார்த்திகையை விட்டால் மழையே இல்லை, ஆகவே துருவுக்குப் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். துருவுக்கு மழை தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதாரண உப்பே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பிக்கும். தகட்டில் படிந்த உப்பு ஒவ்வோர் இரவும் தானாக நனைகிறது, பகலில் காய்கிறது, மறு இரவு மீண்டும் நனைகிறது. மழையே பெய்யாத சித்திரையிலும் இது நடக்கும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்களைக் கடல் காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் நடத்துகிறது. உலோகத்தைச் சோதிக்கத் தேர்ந்த இடத்தில் நாம் காரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இது மனத்தில் பதிந்துவிட்டால் தார்ப்பாய் ஏன் கெடுதல் என்பது விளங்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் விரிப்பு, தரையிலிருந்து எழும் ஈரத்தைக் காரோடு சேர்த்துக் கட்டி வைக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் விரிப்புக்குள் புகுந்த மணல், துணி அசையும்போதெல்லாம் பெயின்டை உரசும். கூரை இருந்தால் விரிப்பே வேண்டாம். வேண்டுமென்றால் கனத்த பருத்தித் துணி போதும். கொட்டகையின் தரை மணலாக இருந்தால் முதலில் அதைச் சிமென்ட் தளமாக்குங்கள். புது பெயின்டுக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் அதற்கு ஆகும். பயன் பல மடங்கு.

கழுவுவதிலும் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று, கிணற்று நீர். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. அதில் கழுவினால் உப்பை உப்பாலேயே கழுவியது போலாகும். காவிரிக் கூட்டுக் குடிநீரில் இரண்டு வாளி எடுத்துவைத்துக் கடைசி அலசலுக்காவது பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் கூரை நீரைப் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. மற்றொன்று, மேலே மட்டும் கழுவுவது. தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை போய் வந்தால் இருபுறக் கடலின் சாரலும் மணலும் மட்கார்டுக்குள்ளும் அடித்தட்டிலும்தான் சேரும். கண்ணுக்குத் தெரியும் பானெட்டை மூன்று முறை தேய்ப்போம். கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தை விட்டுவிடுவோம். கதவுகளின் அடிவிளிம்பிலும் பெட்டித் தகட்டின் அடியிலும் நீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் இருக்கின்றன. ஒரு தென்னை ஈர்க்குச்சியை விட்டுப் பாருங்கள். என் காரின் ஒரு கதவிலிருந்து மட்டும் கை நிறைய ஈர மணல் கொட்டியது. இந்தத் துளைகளைப் பட்டி வைத்து அடைத்துவிட்டு "ஓட்டையெல்லாம் மூடிவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் டிங்கர்கள், அதாவது தகட்டு வேலைக்காரர்கள், உண்டு. உடனே திறக்கச் சொல்லுங்கள்.

இனி டிங்கர் வேலை. ஐம்பதுகளின் ஃபியட் 1100க்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, உடலே எலும்புக்கூடு. அதே காலத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டும் அதன் வழிவந்த அம்பாசிடரும் அப்படித்தான். தொடக்க கால ஸ்டாண்டர்ட் வான்கார்டு போலத் தனி சேஸிஸ் உள்ள வண்டியில் கதவுக்கடித் தகடு அரித்தால் அது பெரும்பாலும் அழகுக் குறை. நம் வண்டியில் அது முதுகெலும்பு முறிவு. அங்கே பட்டி பூசி மறைப்பது உயிரோடு விளையாடுவது. பட்டி ஈரத்தை உறிஞ்சும்; மேலே பெயின்ட் மூடியிருப்பதால் அந்த ஈரம் வெளியேறாது. துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடிப்பதும் இதே தவறின் விலையேறிய வடிவம். இரண்டு தகடுகளுக்கு இடையே துரு நிம்மதியாக வளரும். அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எறிய வேண்டும். வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே ஒரு குழாயை வெல்டிங் செய்து தாங்கல் கொடுக்க வேண்டும். தாங்கல் இல்லாமல் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் சரியாகப் பொருந்தாது. கதவு மூடவில்லை என்று கீலைத் தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை கீலில் இல்லை.

வெட்டி ஒட்டிய பிறகு ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்து, "பெயின்டுக்குப் பணம் சேரட்டும்" என்று மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் பழக்கம் இங்கே மிக அதிகம். வேறெந்தப் பிழையையும்விட இது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் அதுவரை செய்த வேலையெல்லாம் நல்ல வேலை. ப்ரைமர் நுண்துளைகள் நிறைந்தது. உப்புக்காற்றை உள்ளே விடும். காரைக்குடியிலோ மதுரையிலோ இரண்டு மாதம் தாங்கலாம். பாம்பனில் இரண்டு வாரத்தில் செந்நிறத்தின் அடியில் கொப்புளம் கிளம்பும். பணம் முழுதாகச் சேராவிட்டால் காரைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து, எபாக்சி ப்ரைமரும் மேல்பூச்சும் சேர்த்து அதை முடித்துவிடுங்கள். பெட்டித் தகட்டின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயைக் குழாய் விட்டுப் பீய்ச்ச வேண்டும். வெளியே என்ன அடித்தாலும் துரு தொடங்குவது உள்ளேயிருந்துதான். பழைய கறுப்பு எஞ்சின் ஆயிலை அடியில் பூசுவது வேண்டாம். அது மணலைப் பிடித்து வைக்கும், ரப்பர் புஷ்களை ஊதச் செய்யும்.

ரேடியேட்டர் நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபியட் எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீர் ஓடினால் அது ஒரு பேட்டரியாகவே வேலை செய்யும், கரைந்துபோவது அலுமினியம். வழியில் சூடேறியதும் அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி ஊற்றி, ஹெட்டின் நீர்வழிகள் கறையான் அரித்த மரம் போலானதை லேத் பட்டறையில் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் நிற்காது. டிஸ்டில்டு வாட்டரோடு, செம்பு பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கூலன்ட்டைக் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் பனி உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். நமக்கு வேண்டியது அதிலுள்ள அரிப்புத் தடுப்பான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்ற வேண்டும். டிக்கியில் எப்போதும் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் இருக்கட்டும். வெயில் ஊர் என்று, எஞ்சின் சூடேறும் வரை நீரோட்டத்தைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் பிழை. எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடினால் ஆயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் விரைவில் தேயும். வண்டி சூடேறினால் காரணம் அடைத்த ரேடியேட்டராகவோ தவறிய தீப்பொறி டைமிங்காகவோ இருக்கும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. ஐம்பதுகளின் ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய இருப்பிலிருந்து அசல் குழாய் கிடைத்தது என்று மகிழ்ந்து மாட்டாதீர்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அரைத் தொட்டியோடு கடலோரத்தில் நிறுத்திய காரில் நீர் பிரிந்து அடியில் தங்கும். இரண்டு மூன்று வாரம் நிறுத்துவதென்றால் தொட்டியை நிரப்பி நிறுத்துங்கள். மாதக்கணக்கில் என்றால் வடித்துவிடுங்கள்.

எஞ்சினுக்கு விலை உயர்ந்த மெல்லிய சிந்தெடிக் ஆயில் வேண்டாம், 20டபிள்யூ-50 போதும். கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஆயில் ஊற்றினால் அதிலுள்ள கந்தகக் கலவை உள்ளிருக்கும் வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். ஜிஎல்-4 என்று கேட்டு வாங்குங்கள். விளக்கு மங்கினால் டைனமோவைப் பிரிக்கும் முன் எர்த் வயரின் முனையைப் பாருங்கள். பத்தில் எட்டு முறை பச்சை பூத்திருக்கும்.

வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது பராமரிப்பு ஆகாது. சைலன்சருக்குள் நீர் கோத்து அது உள்ளிருந்து இற்றுப்போகும். இருபது கிலோமீட்டராவது ஓட்டுங்கள், முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

உதிரிக்கு அலைந்து சலித்துப்போய் டீசல் எஞ்சின் மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத கார்களுக்கு வி.ஏ. என்ற தனி வரிசையில் பதிவெண் கிடைக்கிறது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும் மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்றும் அந்த விதிகள் வகுத்தன. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். பிரிமியர் பத்மினி ஃபியட் 1100 குடும்பத்தின் பிள்ளை. அதன் உதிரிகளில் பல இதற்கும் பொருந்தும். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் இன்னும் கிடைக்கின்றன. எஞ்சினை மாற்றுவதற்கு முன் ஒரு ரயில் டிக்கெட் எடுங்கள்.

பிரேக்கைக் கடைசியாக வைத்தேன், அதில் எந்த விட்டுக்கொடுத்தலும் இல்லை என்பதற்காக. இந்தக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய் வழி. ஒரு குழாய் துருப்பிடித்து உடைந்தால் நான்கும் போகும். எண்ணெய் குறைந்ததென்று கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் உப்பி, பிரேக் இறுகிக்கொள்ளும் அல்லது பிடிக்காமல் போகும். சரியான பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், கடலோரத்தில் நான் ஆண்டுதோறும் மாற்றுகிறேன். இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு நிக்கல் கலவைக் குழாய் போட்டுவிட்டேன்.

1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் இந்தக் கார் முதன்முறையாகத் தன் சக்கரத்தில் உருண்டு ராமேஸ்வரம் போனது. அப்பா ஓட்டினார், நான் பின் இருக்கையில் இருந்தேன். பாலத்தின் நடுப்பகுதி உயர்ந்து பிறகு நீளமாக இறங்கும். கடலைப் பார்க்க வண்டிகளை ஓரம் நிறுத்தி ஆட்கள் நின்றிருப்பார்கள். இன்றும் மண்டபம் பக்கம் ஏறும் முன் ஓரமாக நிறுத்தி, பிரேக்கை முழுக் கால் பலத்தில் மிதித்து, முப்பது எண்ணும் வரை பிடித்திருக்கிறேன். பெடல் ஒரு நூல் இறங்கினாலும் அங்கேயே திரும்பிவிடுவேன்.