குறைந்த பணத்தில் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகம்: எங்கே தவறுகிறார்கள்?

கையில் பணம் குறைவு என்றால், புதுக் கட்டடம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதே முதல் தவறு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1970-ல் திறந்த அதன் கான்கிரீட் அருங்காட்சியகம் பெரிய நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 1997-ல் தெரியவந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ அழகான புதுத் திட்டம் ஒன்றைத் தந்தார். ஆனால் பொருளாதாரச் சரிவில் நன்கொடை சேரவில்லை. 2009-ல் அதைக் கைவிட்டார்கள்.

கடைசியில் கைகொடுத்தது 1939-ல் கட்டிய பல்கலைக்கழக அச்சகம். ஐ.நா. சாசனம் 1945-ல் அச்சான இடம் அது. ரம்பப் பல் போன்ற அதன் கூரையில் கண்ணாடிகள் வடக்குப் பார்த்து இருப்பதால், நேர் வெயில் விழாமல் சீரான வெளிச்சம் வரும். ஓவியக் கூடத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பக்கத்தில் எஃகுத் தகடு போர்த்திய புதுப் பகுதியைச் சேர்த்து 2016-ல் திறந்தார்கள். செலவு சுமார் 11.2 கோடி டாலர். சின்னத் தொகை இல்லைதான், ஆனால் கைவிட்ட திட்டத்துக்குப் போட்ட கணக்கைவிடக் குறைவு.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அடுத்து எதை வெட்டுவது என்று உட்காரும்போது, பார்வையாளர் கண்ணில் படாதவற்றின் மேல்தான் முதலில் கை போகும்: சேமிப்பறை, சரக்கு லிஃப்ட், வண்டி நின்று பெட்டி இறக்கும் இடம், ஈரப்பதக் கட்டுப்பாடு. தயவுசெய்து இவற்றில் கை வைக்காதீர்கள். சேகரிப்பில் பெரும்பகுதி எப்போதும் சேமிப்பறையில்தான் இருக்கும். ஈரப்பதம் ஏறி இறங்கினால் மரப்பலகை ஓவியத்தில் வெடிப்பு விழும், காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். இரவில் ஏசியை அணைத்து மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கிற அருங்காட்சியகத்துக்கு மற்ற அருங்காட்சியகங்கள் படைப்புகளை இரவல் தரவும் தயங்கும். வேண்டுமானால் முகப்புக் கல்லை எளிமையாக்குங்கள், வரவேற்புக் கூடத்தைச் சுருக்குங்கள். நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும். அவற்றைச் சன்னல் இல்லாத பழைய அறையில் வைத்தால் செலவும் மிச்சம்.

கட்டுவதற்கு நன்கொடை வாங்கிவிட்டு, நடத்துவதற்கு வாங்காமல் விடுவது இன்னொரு தவறு. காவலர், படைப்புகளைப் பழுதுபார்த்துப் பேணும் வல்லுநர், காப்பீடு எல்லாம் வருடா வருடம் வரும் செலவு. கட்டட நிதியைத் திரட்டும்போதே வைப்பு நிதியையும் (முதலைத் தொடாமல், அதன் வருமானத்தில் செலவு செய்யும் நிதி) சேர்த்துக் கேளுங்கள்.

இதோடு ஒட்டிய ஆபத்தும் உண்டு. 2009-ல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம், நிதி நெருக்கடியைச் சொல்லி, தன் ரோஸ் கலை அருங்காட்சியகத்தை மூடி ஓவியங்களை விற்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு வந்தது, 2011-ல்தான் சமரசம். முதல் ஓவியத்தை நன்கொடையாக வாங்கும் முன்பே, பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவுக்காக எந்தப் படைப்பையும் விற்கக்கூடாது என்று விதிகளில் எழுதிவிடுங்கள்.